வோக் வாங்குமுன் உங்கள் அடுப்பைப் பாருங்கள்

சாலையோர ஃபாஸ்ட் ஃபுட் கடையின் ஃப்ரைடு ரைஸில் இருக்கும் புகைமணம் வீட்டில் செய்தால் வருவதில்லை. பலரும் சாஸை மாற்றிப் பார்க்கிறார்கள், அரிசியை மாற்றிப் பார்க்கிறார்கள். அந்த மணம் சட்டியிலிருந்தும் சூட்டிலிருந்தும் வருவது. சீனாவின் குவாங்டோங் சமையற்காரர்கள் அதை ‘வோக் ஹேய்’ என்று சொல்லிக் கொண்டாடுகிறார்கள். வீட்டு அடுப்பில் அதை முழுதாகப் பிடிக்க முடியாது. ஆனால் சரியான வோக்கை, அதாவது சீனச் சட்டியை, வாங்கி எண்ணெய் ஏற்றி நன்றாகப் பழக்கினால் பெருமளவு நெருங்கிவிடலாம்.

1. கடைக்குப் போவதற்கு முன் உங்கள் அடுப்பின் சக்தியைத் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டு கேஸ் அடுப்பின் பெரிய பர்னர் ஏறத்தாழ 2 முதல் 3 கிலோவாட் வெப்பம் தரும். சீன உணவகங்களின் வோக் அடுப்பு அதைப்போல் பத்து மடங்குகூடத் தரும். சட்டியின் அளவு, கனம், அடிப்பாகம், ஒரு தடவைக்கு எவ்வளவு போட்டு வதக்கலாம் என்பதெல்லாம் இந்த வித்தியாசத்தைப் பொறுத்தவை.

2. கார்பன் ஸ்டீல் வோக்தான் என் தேர்வு. தீயைக் கூட்டினால் உடனே சூடேறும், குறைத்தால் உடனே தணியும். கையால் தூக்கிப் புரட்டவும் முடியும். நம் கடைகளில் கிடைக்கும் கனமான வார்ப்பிரும்புக் கடாய் சூட்டை நன்றாகப் பிடித்து வைக்கும், ஆனால் மெதுவாகத்தான் சூடேறும். சுண்டக் காய்ச்சவும் பொரிக்கவும் அது அருமையானது, படபடவென்று வதக்க ஏற்றதல்ல. சீனர்கள் வார்ப்பதில் மெல்லிய வார்ப்பிரும்பு வோக்கும் உண்டு. அது கீழே விழுந்தால் விரிசல் விடும்.

3. நான்ஸ்டிக் வோக் வேண்டாம். அந்தப் பூச்சு 260 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் சிதையத் தொடங்கும். பெருந்தீயில் காலியாக வைத்த சட்டி சில நிமிடங்களில் அந்தச் சூட்டை எட்டிவிடும். வோக் சமையலுக்கோ பெருந்தீதான் அடிப்படை. அலுமினியமும் வேண்டாம். சந்தேகமாக இருந்தால் ஒரு காந்தத்தைக் கொண்டுபோங்கள். வெறும் அலுமினியத்தில் அது ஒட்டாது.

4. வீட்டில் பழைய இருப்புச்சட்டி இருந்தால் புதிது வாங்குவதற்கு முன் அதில் செய்து பாருங்கள். அடித்துச் செய்த மெல்லிய இரும்பாக இருந்தால் வோக் செய்யும் வேலையை அதுவும் செய்யும். கீழே சொல்லும் பழக்கும் முறையும் பராமரிப்பும் அதற்கும் பொருந்தும்.

5. நாலு பேர் உள்ள வீட்டுக்கு 14 அங்குலம், அதாவது சுமார் 36 சென்டிமீட்டர் விட்டம் போதும். அதைவிடப் பெரிதானால் ஓரங்கள் சூடேறாமல் நின்றுவிடும். 12 அங்குலத்தில் கிளறும்போது காய் வெளியே சிந்தும். தகட்டின் கனம் ஒன்றரை முதல் 2 மில்லிமீட்டர் இருக்கட்டும். விரலால் அழுத்தினால் வளைந்து கொடுக்கும் சட்டியை வாங்காதீர்கள்.

6. கேஸ் அடுப்பு என்றால் உருண்டை அடியே நல்லது. நம் அடுப்பின் தாங்கி கடாய்க்கென்றே அமைந்ததுபோல் இருப்பதால் வோக்கும் அதில் நன்றாக உட்காரும். ஒற்றைக் கைப்பிடி உள்ளது மட்டும் காலியாக இருக்கும்போது கைப்பிடிப் பக்கம் சாய்கிறதா என்று கடையிலேயே அடுப்புத் தாங்கி ஒன்றில் வைத்துப் பாருங்கள். இண்டக்‌ஷன் அடுப்புக்குத் தட்டை அடி கட்டாயம். ஆனால் இண்டக்‌ஷனில் அடி மட்டுமே காயும், பக்கங்கள் பழகாது. அந்த அடுப்பு உள்ளவர்கள், ஏற்கெனவே பழக்கி விற்கும் சட்டியை வாங்குவதே மேல்.

7. நீண்ட ஒற்றைக் கைப்பிடி வடசீன வழக்கம், இரண்டு பக்கமும் காது வைத்தது குவாங்டோங் வழக்கம். தூக்கிப் புரட்ட முதலாவது, பொரிக்கவும் ஆவியில் வேகவைக்கவும் இரண்டாவது. ஒன்றுதான் வாங்குவதென்றால் ஒற்றைக் கைப்பிடியும் எதிரே சின்னக் காதும் உள்ளதைத் தேடுங்கள். கைப்பிடி ஆணியடித்தோ பற்றவைத்தோ உறுதியாக இருக்க வேண்டும்.

8. சுத்தியலால் அடித்த தழும்புகளோடு விற்கும் வோக் மீது இப்போது ஆசை கூடியிருக்கிறது. ஷான்டோங் மாகாணத்தின் ஜாங்சியு பகுதி கொல்லர்கள் ஆயிரக்கணக்கான முறை அடித்து உருவாக்கும் இரும்புச் சட்டிகள், 2018இல் சீனத் தொலைக்காட்சியில் ஓர் ஆவணப்படத் தொடரில் இடம்பெற்ற பிறகு பெரும் புகழ் பெற்றன. உண்மையான கைவேலைக்கு நல்ல விலை கொடுக்கலாம். இயந்திரத்தில் தழும்பு குத்திய சட்டிக்குக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

9. புதுச் சட்டியில் துரு வராமலிருக்க ஆலையில் எண்ணெயோ மெழுகோ அரக்கோ பூசியிருப்பார்கள். பழக்குவதில் பலர் தோற்பது இதை முழுதாக நீக்காததால்தான். வெந்நீர், பாத்திரம் தேய்க்கும் சோப்பு, ஸ்டீல் நார் மூன்றையும் வைத்து உள்ளும் புறமும் சலிக்காமல் தேயுங்கள். புது இரும்பில் வடிகஞ்சி ஊற்றி ஊறவைப்பது நம் வீடுகளில் வழக்கம். வெறும் இரும்புச் சட்டிக்கு அது பயன்படும், அரக்குப் பூச்சை அது கரைக்காது.

10. அடுத்தது சுடுவது. ஜன்னல்களைத் திறந்து, எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுங்கள். மரக் கைப்பிடியைக் கழற்ற முடிந்தால் கழற்றிவிடுங்கள், முடியாவிட்டால் ஈரத்துணி சுற்றி அதன்மேல் அலுமினியத் தாள் சுற்றுங்கள். காலிச் சட்டியை நடுத்தர தீயில் வைத்து, பிறகு கூட்டுங்கள். இரும்பு முதலில் வைக்கோல் நிறமாகும், பிறகு பழுப்பாகி, ஊதாவாகி, 300 டிகிரியை நெருங்கும்போது நீலமாகும். ஒரு பகுதி நீலமானதும் சட்டியைச் சாய்த்து அடுத்த பகுதியைத் தீயில் காட்டுங்கள். ஓரம் வரை நீலம் பரவ அரைமணி நேரம்கூட ஆகலாம். வீட்டுத் தீயில் ஓரங்கள் முழுதாக நிறம் மாறாவிட்டால் கவலை வேண்டாம், சமைக்கச் சமைக்கச் சரியாகும். சூடான சட்டியில் தண்ணீர் ஊற்றாதீர்கள், தகடு கோணிவிடும்.

11. கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் ஒரு தேக்கரண்டி எண்ணெயைப் பழைய பருத்தித் துணியால் உள்ளே முழுதும் தடவுங்கள். பிறகு வேறொரு காய்ந்த துணியால், தடவிய எண்ணெயை எல்லாம் துடைத்து எடுத்துவிடுவதுபோல் துடையுங்கள். கண்ணுக்குத் தெரியாத அளவு மிஞ்சினால் போதும். சூட்டில் எண்ணெய் இறுகி இரும்போடு ஒட்டிய கெட்டிப் படலமாக மாறுவதுதான் பழகுதல். எண்ணெய் அதிகமானால் படலம் இறுகாமல் பிசுபிசுப்பாக நிற்கும். புகை நிற்கும்வரை சூடாக்கி ஆறவிடுங்கள். மூன்று நான்கு முறை இப்படியே செய்யுங்கள்.

12. இதற்குச் சுத்திகரித்த கடலை எண்ணெய் அல்லது சூரியகாந்தி எண்ணெய் நல்லது. ஆளிவிதை எண்ணெய்ப் படலம் பார்க்கப் பளபளப்பாக இருந்தாலும் செதிலாக உரியக்கூடியது.

13. கடைசியாக, இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயில் ஒரு கட்டு வெங்காயத்தாளையும் தட்டையாக நறுக்கிய இஞ்சியையும் போட்டு, சட்டியின் ஓரம்வரை தேய்த்துத் தேய்த்து கால்மணி நேரம் வதக்குங்கள். குவாங்டோங் வீடுகளில் பன்றிக்கொழுப்போடு சீன வெங்காயத்தாளைச் சேர்த்து இப்படிச் செய்வார்கள். புது உலோக வாடை இதில் போய்விடும். வதக்கியதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

14. முதல் சில வாரங்கள் வடை, பஜ்ஜி, அப்பளம் என்று பொரியுங்கள், எண்ணெய் தாராளமாக விட்டு கீரையும் காயும் வதக்குங்கள். முட்டை, சோறு, நூடுல்ஸ் எல்லாம் பிறகு. ரசம், புளிக்குழம்பு, தக்காளித் தொக்கு ஆகியவற்றை இதில் கொதிக்கவிடவே கூடாது, புளிப்பு படலத்தைக் கரைத்துவிடும். இறக்கும் நேரத்தில் ஓரமாக விடும் ஒரு கரண்டி வினிகரால் ஒன்றும் ஆகாது.

15. முதலில் சட்டி காய வேண்டும், பிறகே எண்ணெய். ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்தால் அது முத்தாக உருண்டு ஓட வேண்டும். எண்ணெயைச் சுற்றி விட்டு உடனே காயைப் போடுங்கள். ஒரு தடவைக்கு இரண்டு பேருக்கு மேல் செய்யாதீர்கள். வீட்டுத் தீயில் சட்டி நிறையப் போட்டால் சூடு இறங்கி, காய் தண்ணீர் விட்டு வெந்துவிடும். நாலு பேர் என்றால் இரண்டு ஈடாகச் செய்யுங்கள். சோறு முந்தின நாள் வடித்து ஃபிரிட்ஜில் ஆறியதாக இருக்கட்டும்.

16. சமைத்து முடித்ததும் சட்டி இளஞ்சூடாக இருக்கும்போதே வெந்நீர் விட்டுத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுங்கள். மிகவும் பிசுக்காக இருந்தால் கொஞ்சம் சோப்பு போடலாம், இறுகிய படலம் அதற்குக் கரையாது. ஊறவைக்கக் கூடாது. கழுவியதும் அடுப்பில் வைத்து ஈரம் முழுதும் போகக் காயவிட்டு, ஒரு சொட்டு எண்ணெய் தடவித் துடைத்து வையுங்கள்.

17. துரு பிடித்தால் சட்டி பாழாகிவிட்டது என்று பழைய இரும்புக்காரரிடம் போடாதீர்கள். துருப் பிடித்த இடத்தை ஸ்டீல் நாரால் தேய்த்து, கழுவிக் காயவைத்து, 11ஆவது குறிப்பில் சொன்னபடி மீண்டும் எண்ணெய் ஏற்றுங்கள். உள்ளே திட்டுத்திட்டாக நிறம் மாறித் தெரிவது குறையே இல்லை. நன்றாகப் பழகிவரும் எல்லா வோக்கும் சில மாதங்கள் அப்படித்தான் இருக்கும்.