கொடுக்கப்படாததை எடாமை: அல்சூர் ஏரிக்கரையில் ஒரு பாடம்



காட்டுயிரைக் காண வேண்டுமாயின் பந்திப்பூருக்கோ நாகரஹொளெக்கோ பணம் செலவிட்டுப் போக வேண்டுமென்று நம்மவரில் பலர் எண்ணுகின்றனர். மர்பி டவுனில் வாழும் நமக்கு விடியற்காலையில் எழுந்து அல்சூர் ஏரிக்கரை வரை நடப்பதே போதும். அங்கு உயிர்களைக் காண்பது எங்ஙனம், படம் பிடிப்பது எங்ஙனம், படம் பிடியாமல் திரும்ப வேண்டிய வேளை எது என்னும் மூன்றையும் இப்பாடத்தில் ஆராய்வோம்.

1. காணுதல்

முதலில் பழக வேண்டியது காது. ஆலையிலே நூற்றுக்கணக்கான தறிகள் ஒருங்கே இரையும்போதும், ஒரு தறியில் கோளாறு நேர்ந்தால் அதன் ஓசை மாறுவதை முகம் திருப்பாமலே நாம் அறிந்தோம். அதுபோலவே, வண்டிகளின் இரைச்சலுக்கும் காகங்களின் கரைச்சலுக்கும் இடையே மீன்கொத்தியின் உரத்த குரலைப் பிரித்தறியப் பழகலாம்.

அடுத்து, அசையாது நிற்றல் வேண்டும். கரையோரம் சேற்றின் நிறத்தோடு ஒன்றி ஒடுங்கி நிற்கும் குருட்டுக்கொக்கு நம் கண்ணுக்குப் புலப்படாது. அது பறந்தெழும்போது தூய வெண்சிறகுகள் விரியும். இத்தனை நேரம் அருகிலேயே நின்றதா என்று வியப்போம். நெற்றியில் வெள்ளை நாமம் உடையது நாமக்கோழி. சிறகை விரித்துக் காய்வது நீர்க்காகம். அதன் இறகு நீரில் நனைவதால் மூழ்குவது எளிதாகிறது, பின்னர் உலர்த்துவது தேவையாகிறது. வானில் வட்டமிடும் பருந்தின் வாலை நோக்குக. நுனி பிளவுபட்டிருந்தால் கரும்பருந்து. வால் வட்டமாயும் தலை வெண்மையாயும் இருந்தால் செம்பருந்து.

2. படம் பிடித்தல்

காலைச் சூரியன் நம் முதுகுப்புறம் இருக்கட்டும். பறவையின் கண்மட்டத்திற்குக் குனிக. நேரே அதை நோக்கி நடவாமல், வேறெங்கோ செல்வார்போல் சாய்வாக அணுகுக. அது இரை தேடுவதை நிறுத்திக் கழுத்தை உயர்த்தினால், நமக்கு எல்லை வகுத்துவிட்டது என்று அறிந்து நின்றுவிடுக.

இக்கலையில் தமிழர் பெரும்புகழ் பெற்றுள்ளனர். பெங்களூரில் வாழ்ந்த டி. என். ஏ. பெருமாள் (1932–2017) உலகறிந்த காட்டுயிர்ப் படக்கலைஞர். மா. கிருஷ்ணன் (1912–1996) கறுப்பு வெள்ளைப் படங்களாலேயே பெயர் பெற்றார். யானையைப் பற்றி எழுதிய அதே கருத்தோடு வீட்டருகே திரியும் எளிய உயிர்களைப் பற்றியும் எழுதினார். பழங்காலப் படக்காரர் பலர் கூட்டினருகே மறைவிடம் அமைத்துக் காத்திருந்தனர். அக்காலக் கருவியில் தொலைவிலுள்ள பறவை சிறு புள்ளியாகவே விழும். இன்று நெடுந்தொலைவைக் கிட்டக் காட்டும் வில்லைகள் வந்துவிட்டமையால், கூட்டை நெருங்க வேண்டிய தேவை ஒழிந்தது.

3. எடாமை

இதனை நாம் பிழை செய்தே கற்றோம். ஒரு ஞாயிறு காலை இளைஞர் சிலரை அழைத்துச் சென்றபோது, கரையோரப் புதரில் கொண்டைக்குருவியின் கூடு தென்பட்டது. கிண்ணம் போன்ற கூட்டில் மூன்று முட்டைகள். இலைகள் மறைத்தமையால், கைப்பேசியில் படம் தெளிவாக விழும்பொருட்டு நாமே ஒரு கிளையை வளைத்து நாரால் கட்டினோம். தாய்ப்பறவை அருகே அமர்ந்து ஓயாது கத்தியது. அது பாடுகிறது என்று இளைஞரிடம் கூறினோம்! கட்டை அவிழ்க்க மறந்து வீடு திரும்பினோம்.

மறுவாரம் கூடு வெறுமையாய்க் கிடந்தது. காகம் கண்டதோ, வெயில் சுட்டதோ, அறியோம். கிளை மட்டும் நாம் கட்டியபடியே வளைந்திருந்தது. படம் எடுத்த பையன், "ஐயா, இதை அழித்துவிடட்டுமா?" என்றான். "அழிக்காதே, யாருக்கும் காட்டாமல் வைத்துக்கொள். எனக்கு மட்டும் அவ்வப்போது காட்டு" என்றோம்.

அன்றுவரை, கொல்லாதிருப்பதே போதுமென்று எண்ணியிருந்தோம். பஞ்சசீலத்தின் இரண்டாம் சீலமோ, கொடுக்கப்படாததை எடாமை. பறவை அச்சமின்றி இருக்கும்போது கிடைக்கும் படம் அது கொடுத்தது. அதனை வருத்திப் பெறும் படம் நாம் பறித்தது. 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும், பறவையின் முட்டையையோ கூட்டையோ கலைப்பதை வேட்டை என்னும் சொல்லின் பொருளிலேயே அடக்கியுள்ளது. அசோக மன்னர் முடிசூடி 26 ஆண்டுகள் ஆனபின் பொறித்த ஐந்தாம் தூண் சாசனத்தில், கிளி, மைனா முதலியவற்றைக் கொல்லலாகாது என்றதோடு நில்லாமல், உயிர்கள் தங்கிய உமியை எரிக்கலாகாது என்றும் விதித்தார். உமிக்குள் இருக்கும் சிற்றுயிரை நினைந்த அவ்வுள்ளமே நமக்கு வேண்டுவது.

ஆதலின் நாம் கைக்கொள்ள வேண்டியவை:

(அ) கூட்டையும் குஞ்சையும் நெருங்கிப் படம் பிடியோம். கூடுள்ள இடத்தைப் பரப்போம்.

(ஆ) பறக்கும் படத்திற்காகக் கல்லெறியோம். பதிவுசெய்த குரலை ஒலித்து ஏமாற்றோம்.

(இ) இரவில் ஆந்தையின் கண்ணில் ஒளி பாய்ச்சோம்.

(ஈ) நாள், நேரம், பறவை, எண்ணிக்கை, அதன் செயல் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதுவோம்.

கடைசி விதியை எளிதாக எண்ணற்க. 2016 மார்ச்சில் இவ்வேரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. ஏரி மீண்டும் நோயுறுமாயின், நேற்றுவரை அங்கு எத்தனை உயிர்கள் வாழ்ந்தன என்று சான்று கூற ஒருவர் வேண்டுமல்லவா? அச்சான்று மர்பி டவுன் பிள்ளையின் குறிப்பேட்டில் இருக்கட்டும்.

வரும் ஞாயிறு விடியலில் பிள்ளைகளுடன் ஏரிக்கரைக்குச் செல்லுங்கள். கயிறோ நாரோ கொண்டு செல்ல வேண்டா.