ஒட்டுக்கேட்கும் மீட்டர்

டொராண்டோவில் நான் செகண்ட்ஹேண்டாக வாங்கிய 2007 பிரியஸின் திரையில், பேட்டரிக்கென்று எட்டுக் கட்டங்கள் உண்டு. எட்டும் நிரம்பினால் பேட்டரி ஃபுல் என்று நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். அப்படியில்லை. அது 201.6 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி. ஆயுள் கெடாமலிருக்க, வண்டி அதை ஏறத்தாழ 40 சதவீதத்துக்குக் கீழே இறங்கவும் விடாது, 80க்கு மேலே ஏறவும் விடாது. கட்டத்துக்குப் பின்னாலிருக்கும் நிஜ எண்ணைப் பார்க்கும் ஆசையில், ஓர் ஆர்டுயினோ, எம்சிபி2515 சிப் உள்ள ஒரு கேன் போர்டு, தீப்பெட்டி அளவுத் திரை எல்லாம் வாங்கி நானே ஒரு மீட்டர் செய்தேன். அதில் பட்டதை எழுதுகிறேன்.

முதலில் ஓம் பாருங்கள்

போஷ் நிறுவனம் 1986இல் வெளியிட்ட கேன் முறையில், வண்டியின் கணினிகள் முறுக்கிய இரண்டு கம்பிகளில் பேசிக்கொள்கின்றன. ஊர்த் திண்ணை மாதிரி. ஒருவர் சொல்வது எல்லார் காதிலும் விழும்; வேண்டியவர் எடுத்துக்கொள்வார். நாம் போய் உட்காரும் இடம் ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள, ஸ்கேனர் செருகும் ஓபிடி சாக்கெட். 6ஆம் பின் கேன் ஹை, 14ஆம் பின் கேன் லோ, 4ம் 5ம் கிரவுண்ட், 16 எப்போதும் உயிரோடிருக்கும் 12 வோல்ட்.

வண்டியை அணைத்துச் சிறிது நேரம் கழித்து 6க்கும் 14க்கும் இடையே மல்டிமீட்டர் வையுங்கள். சுமார் 60 ஓம் காட்ட வேண்டும்; கம்பியின் இரு முனையிலும் ஆளுக்கொரு 120 ஓம் ரெசிஸ்டர் இருக்கிறது. என் போர்டை இணைத்ததும் 40 ஆனது. போர்டிலேயே மூன்றாவதாக ஒரு 120 ஓம் இருந்ததுதான் காரணம். அதன் ஜம்பரைப் பிடுங்கிய பிறகே 60க்குத் திரும்பியது.

வண்டியின் கேன் கம்பியை எங்கேயும் வெட்டவோ சுரண்டவோ வேண்டாம். சாக்கெட்டில் செருகும் ஒய் கேபிள் போதும். கிளைக் கம்பி ஓர் அடிக்குள் இருக்கட்டும். திரைக்குப் போகும் வயரை ஏர்பேக் இருக்கும் தூண் வழியாகக் கொண்டுபோகாதீர்கள். ஆரஞ்சு நிறக் கேபிள்களின் பக்கமே இந்த வேலைக்குப் போக வேண்டியதில்லை. அவற்றில் இருப்பது உயிரெடுக்கும் வோல்ட்.

'ம்' கொட்டாமல் கேளுங்கள்

கேனில் செய்தி சரியாகச் சேர்ந்தால் கேட்டவர்கள் 'ம்' கொட்ட வேண்டும். தப்பாகக் காதில் விழுந்தாலோ, 'தப்பு' என்று கத்தி அந்தச் செய்தியையே கலைத்துவிடலாம். என் போர்டில் இருந்தது 8 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல். நிரலில் நான் எழுதியது 16. வண்டி நொடிக்கு 500 கிலோபிட் வேகத்தில் பேச, என் போர்டு அதில் பாதி வேகத்தில் கேட்டது. அதனால் எல்லாமே அதற்குத் தப்பாகப் பட்டது. கத்தியது. பவர் பட்டனைத் தட்டிய உடனே டாஷ்போர்டில் சிவப்பு முக்கோணம், கூடவே அதன் சுற்றம் அத்தனையும். நல்லவேளை, வண்டி நின்றிருந்தது. போர்டைப் பிடுங்கி, பதிவாகியிருந்த, தொடர்பு அறுந்ததைச் சொல்லும் பிழைக் குறியீடுகளை ஸ்கேனரால் அழித்த பிறகுதான் மூச்சு வந்தது.

அந்தச் சிப்பில் கேட்பதற்கு மட்டும் ஒரு முறை உண்டு. அதில் 'ம்'மும் இல்லை, கத்தலும் இல்லை. வேகம் தப்பானாலும் நமக்குத்தான் எண் வராது, வண்டிக்கு ஒன்றும் ஆகாது. முதல் வரியிலேயே அதைப் போட்டுவிடுங்கள். இந்த பிரியஸில் பேட்டரி விவரம் கேட்காமலே வந்துகொண்டிருக்கும்: 03பி என்ற எண்ணோடு வரும் செய்தியில் கரண்டும் வோல்ட்டும், 3சிபியில் சார்ஜ் சதவீதம், அரை அரையாக.

கரண்டில் ஒரு கண்ணி. அது குறியோடு கூடிய 12 பிட் எண். அதைக் கவனிக்காமல், பிரேக் அழுத்தியபோது திரையில் 389.6 ஆம்பியர் பார்த்துப் பதறினேன். கணக்குப் போட்டால் அது மைனஸ் 20. பேட்டரிக்குள் சாதுவாகச் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது.

சில்லறைக் கரண்ட்

மின்சாரத்தை 16ஆம் பின்னிலிருந்தே எடுத்திருந்தேன். ஸ்கார்பரோவில் கராஜ் வைத்திருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணர் பார்த்துவிட்டு, "தம்பி, கார் நிண்டாப் பிறகும் இது கரண்ட் குடிக்குமெல்லே?" என்றார்.

"சில்லறைதான் அண்ணே, 60 மில்லிஆம்பியர்."

ஜனவரியில் பன்னிரண்டு நாள் வெளியூர் போய்த் திரும்பினால் வண்டி பிணம். அந்தச் சில்லறை மட்டும் 17 ஆம்பியர்-அவர். ரிமோட்டுக்குள் ஒளிந்திருந்த இரும்புச் சாவியால் கதவைத் திறந்தேன். 12 வோல்ட் பேட்டரி டிக்கியில். டிக்கி திறப்பதோ மின்சாரத்தில். வழி பானட்டுக்குக் கீழே, ஃபியூஸ் பெட்டிக்குள் இருக்கும் ஜம்ப் முனை. ஜம்பர் கேபிளோடு வந்த அண்ணர் சொன்னார்: "சில்லறை சேர்ந்தா நோட்டெல்லே தம்பி."

இப்போது சிகரெட் லைட்டர் லைனிலிருந்து 1 ஆம்பியர் ஃபியூஸ் வைத்து எடுக்கிறேன். வண்டி தூங்கினால் மீட்டரும் தூங்கிவிடும்.

மீட்டர் சொன்னது

வண்டி சார்ஜை 60 சதவீதத்தை ஒட்டியே வைக்கப் பார்க்கிறது. தூரத்திலிருந்தே மெல்ல பிரேக் பிடித்தால் மைனஸ் எண் நெடுநேரம் நிற்கிறது. கடைசி நொடியில் மிதித்தால் அந்த ஆற்றலில் பெரும்பங்கு பிரேக் தகட்டில் சூடாகிப் போகிறது. கடுங்குளிரில் பேட்டரி ஏற்கும் சார்ஜின் வரம்பே சுருங்குகிறது; அதுவும் 3சிபியில் தெரியும். குளிர்காலத்தில் மைலேஜ் ஏன் விழுகிறது என்று என் காலைத் திட்டுவதை அதோடு விட்டேன்.

கடைசியாக ஒன்று. சர்வீஸுக்கு விடும் நாளில் மீட்டரைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். மாட்டியபடியே போனால், வண்டியில் எந்த விளக்கு எரிந்தாலும் பழி அதன் மேல்தான் விழும். ஒருமுறை உண்மையிலேயே எரியவைத்தவன் என்பதால் எனக்கு வாதாட வாயில்லை.