கூரையில் விளையும் ஒளி

நுழையும்முன்

மின்கம்பி எட்டாத மலைச்சிற்றூர்களிலும் தோட்டக் குடில்களிலும் மாலை மங்கியதும் இருள் சூழ்கிறது. அங்குப் பிள்ளைகளின் படிப்பு பகல்வெளிச்சத்தோடு முடிந்துவிடுகிறது. அவ்வீடுகளின் கூரைமேல் நாள்தோறும் பொழியும் கதிரொளியே அவற்றுக்கு விளக்காகவும் ஆகலாம். அதற்குக் கருவிகள் மட்டும் போதா, கணக்கும் வேண்டும். ஒற்றை அறை வீடொன்றிற்குத் தற்சார்பு மின்னமைப்பை ஏற்படுத்தும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

ஒளி மின்சாரமாதல்

ஒளி படும்போது சில பொருள்களில் மின்னழுத்தம் தோன்றுவதை 1839ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு அறிவியலாளர் எட்மண்ட் பெக்கரல் கண்டறிந்தார். நடைமுறைக்கு உதவும் சிலிக்கான் சூரிய மின்கலத்தை 1954ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வகம் வெளியிட்டது. அது தன்மேல் விழுந்த ஒளியாற்றலில் ஏறத்தாழ 6 விழுக்காட்டையே மின்னாற்றலாக மாற்றியது. இன்று கடைகளில் கிடைக்கும் தகடுகள் 20 விழுக்காட்டையும் எட்டியுள்ளன.

தமிழ்நாட்டில் 2011ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பசுமை வீடுகள் திட்டத்தில், 300 சதுர அடி வீடு ஒவ்வொன்றிலும் சூரிய ஆற்றலால் எரியும் ஐந்து விளக்குகள் அமைக்கப்பட்டன. சிறிய வீட்டிற்கும் சூரிய மின்சாரம் பொருந்தும் என்பதற்கு இது சான்றாகும்.

நான்கு உறுப்புகள்

தற்சார்பு அமைப்பில் நான்கு உறுப்புகள் உள்ளன. சூரியத் தகடு மின்சாரத்தை ஆக்குகிறது. பேட்டரி எனப்படும் சேமக்கலம் அதனைச் சேமிக்கிறது. மின்னேற்றக் கட்டுப்படுத்தி சேமக்கலத்தில் மின்னேற்றம் அளவுக்கு மிஞ்சாமல் காக்கிறது. இன்வெர்ட்டர், நேர்த்திசை மின்னோட்டத்தை வீட்டுக் கருவிகளுக்கு உரிய மாறுதிசை மின்னோட்டமாக மாற்றுகிறது. விளக்கும் விசிறியும் 12 வோல்ட் நேர்த்திசை மின்னோட்டத்தில் இயங்குவனவாக இருப்பின் இன்வெர்ட்டரே தேவைப்படாது.

செலவிலிருந்து தொடங்குக

தகடு வாங்கிய பின்னர்த் தேவையை எண்ணுவது முறையன்று. குடும்பத்தின் வரவுசெலவைத் திட்டமிடுவதுபோல் ஒரு நாளின் மின்செலவை முதலில் கணக்கிட வேண்டும். கருவியின் வாட் அளவை அது இயங்கும் மணிநேரத்தால் பெருக்கினால் வாட்-மணி கிடைக்கும்.

இரண்டு 9 வாட் விளக்குகள், 5 மணி நேரம்: 90
ஒரு 30 வாட் சிக்கன விசிறி, 8 மணி நேரம்: 240
ஒரு 40 வாட் தொலைக்காட்சி, 3 மணி நேரம்: 120
இரண்டு கைப்பேசிகளுக்கு மின்னேற்றம்: 20
மொத்தம்: 470 வாட்-மணி

சிக்கன விசிறிக்கு மாற்றாக 75 வாட் பழைய விசிறியைப் பொருத்தினால் அது மட்டுமே 600 வாட்-மணியை எடுத்துக்கொள்ளும். 1000 வாட் இஸ்திரிப் பெட்டியை அரைமணி நேரம் பயன்படுத்தினால் 500 வாட்-மணி தீரும். அது வீட்டின் ஒருநாள் மின்செலவையே விஞ்சும். வெப்பம் தரும் கருவிகளைச் சிறிய அமைப்பில் இணைக்கலாகாது என்பதற்கு இதுவே காரணம்.

தகடும் சேமக்கலமும்

கம்பியிலும் சேமக்கலத்திலும் கட்டுப்படுத்தியிலும் ஆற்றல் ஓரளவு வீணாகும். அவ்விழப்பு நான்கில் ஒரு பங்கு எனக் கொண்டால், 470 வாட்-மணி பெறத் தகடு ஏறத்தாழ 627 வாட்-மணி தரவேண்டும். மேகம் சூழும் நாள்களையும் எண்ணி, முழுவீச்சு வெயில் நாளொன்றுக்கு 4 மணி நேரத்திற்கு இணையாகக் கிடைக்கும் எனக் கொள்வோம். 627ஐ 4ஆல் வகுத்தால் 157 வருகிறது. ஆகவே 160 வாட் தகடு ஏற்றது.

வெயிலற்ற இரண்டு நாள்களைத் தாங்க 940 வாட்-மணி இருப்பு வேண்டும். ஈய-அமிலச் சேமக்கலத்தின் கொள்ளளவில் பாதிக்குமேல் செலவிட்டால் அதன் வாழ்நாள் குறையும். எனவே 1880 வாட்-மணிக் கொள்ளளவு தேவை. அதனை 12 வோல்ட்டால் வகுத்தால் ஏறத்தாழ 157 ஆம்பியர்-மணி வரும். மேகமூட்ட நாளில் தொலைக்காட்சியைச் சிறிது நேரம் குறைத்துக்கொண்டால் 150 ஆம்பியர்-மணிச் சேமக்கலமே போதும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையில் 80 விழுக்காடு வரை செலவிடலாம் என்பதால் 100 ஆம்பியர்-மணி போதுமானது. ஆனால் வாங்கும்போது அதன் விலை மிகுதி.

பொருத்தும் முறை

தமிழ்நாட்டில் தகடு தெற்கு நோக்கி, 10 முதல் 15 பாகை சாய்வில் இருத்தல் நன்று. அச்சாய்வில் மழைநீர் தூசியையும் கழுவிச்செல்லும். தகட்டின் மின்கலங்கள் தொடராக இணைக்கப்பட்டுள்ளன. ஆதலால் ஒரு தென்னங்கீற்றின் நிழல் ஒரு மூலையில் விழுந்தாலும் தகட்டின் மின்னாக்கம் பெரிதும் குறையக்கூடும். சிலிக்கான் தகடு 25 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறும் ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 0.4 விழுக்காடு திறனை இழக்கிறது. எனவே கூரைக்கும் தகட்டிற்கும் இடையே காற்றோட்டத்திற்கு இடம் விடவேண்டும்.

60 வாட் கருவிக்கு 230 வோல்ட்டில் கால் ஆம்பியர் அளவே மின்னோட்டம் பாயும். 12 வோல்ட்டிலோ 5 ஆம்பியர் பாயும். மெல்லிய கம்பி சூடேறித் தீப்பற்றவும் கூடும். தடித்த செம்புக் கம்பியும், சேமக்கலத்தின் நேர்முனைக்கு அருகில் மின்னுருகியும் கட்டாயம் வேண்டும். இணைக்கும்போது கட்டுப்படுத்தியுடன் சேமக்கலத்தை முதலிலும் தகட்டைப் பின்னரும் இணைத்தல் வேண்டும். கழற்றும்போது தகட்டை முதலில் கழற்ற வேண்டும். பணியைப் பயிற்சி பெற்ற மின்பணியாளரிடம் ஒப்படைத்தலே பாதுகாப்பு.

காத்தலே நிலைத்தல்

வெயில் குறையாத ஊரிலும் பேணப்படாத விளக்கு அணைந்துவிடும். ஈய-அமிலச் சேமக்கலத்தை நெடுநாள் வற்றிய நிலையில் விட்டால் உள்ளே சல்பேட் படிகங்கள் இறுகும். அதன் கொள்ளளவு மீளாது குறையும். அதற்கு உரிய காலத்தில் காய்ச்சி வடித்த நீர் ஊற்றவேண்டும். மின்னேறும்போது ஹைட்ரஜன் வாயு வெளிப்படுவதால் அதனைப் படுக்கையருகிலும் அடுப்பருகிலும் வைத்தல் கூடாது. தகட்டை மாதம் ஒருமுறை காலையிலோ மாலையிலோ துடைப்பது நன்று. பழுதான சேமக்கலத்திலுள்ள ஈயம் மண்ணையும் நீரையும் நஞ்சாக்கும். எனவே அதனைக் குப்பையில் எறியாமல் விற்பனையாளரிடம் திரும்ப ஒப்படைக்க வேண்டும். 2022ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகளும் இதனை வலியுறுத்துகின்றன.

பெரிய மின்கட்டமைப்பில் எவ்வளவு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என எவரும் எண்ணுவதில்லை. தன் கூரையில் மின்சாரம் ஆக்கும் வீட்டிலோ, தேவையின்றி எரியும் ஒவ்வொரு விளக்கும் மறுநாள் இரவின் படிப்பு நேரத்தைக் குறைக்கிறது. விரலுக்கேற்ற வீக்கம் என்பதை அவ்வீடு நாள்தோறும் கடைப்பிடிக்கிறது. அளவறிந்து பயன்படுத்தும் இப்பழக்கம் மின்கம்பி வந்த வீடுகளுக்கும் உரியதே.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டின் ஒருநாள் மின்செலவை வாட்-மணியில் கணக்கிட்டு அட்டவணைப்படுத்துக.
2. இப்பாடத்தின் வீட்டில் தொலைக்காட்சி இல்லையெனில் தேவைப்படும் தகட்டின் அளவையும் சேமக்கலத்தின் அளவையும் கணக்கிடுக.
3. ‘காத்தலே நிலைத்தல்’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.