காயல் மீன்குஞ்சுகள்: அறிதலும் வளர்த்தலும்

பிழைப்புத் தேடித் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து மட்டாஞ்சேரியிலே குடியமர்ந்த குடும்பம் எங்களுடையது. வீட்டு முன்னறையில் இரண்டடி நீளமுள்ள கண்ணாடித் தொட்டி ஒன்றுண்டு. அதனைக் காணும் நண்பர்கள் வழக்கமாகக் கேட்பவை இரண்டே கேள்விகள்: "இது என்ன மீன்?" "குஞ்சுகள் ஏன் தாயைக் கடிக்கின்றன?" இவற்றுக்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். இரண்டாவதற்கு விடை அறியாமல், பெற்ற மீன்களை 'காப்பாற்றுவதாக' எண்ணிக் குஞ்சுகளைப் பிரித்துவிடுவோர் உளர். அதனால் கெடுவன குஞ்சுகளே.

சிக்ளிட் எனப்படும் மீன் குடும்பம் ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் பல நூறு இனங்களாகப் பெருகியிருப்பது. இந்தியாவில் இயற்கையாக வாழ்பவையோ மூன்றுதாம். ஒன்று கரிமீன், தமிழ்நாட்டு உப்பங்கழிகளில் இதனைச் செத்தக்கெண்டை என்பர். கேரள அரசு 2010இல் இதனை மாநில மீனாக அறிவித்தது. மற்றொன்று பள்ளத்தி என்னும் சிறுமீன். மூன்றாவது கன்னடக் கரையோர ஆறுகளில் வாழ்வது. நம் வலையில் அது அகப்படாது. கரிமீனுக்கு 1790இலும் பள்ளத்திக்கு 1795இலும் அறிவியற் பெயர் சூட்டியவர் புளோக் என்ற ஜெர்மானிய அறிஞர். இவற்றோடு 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியாவும் இன்று காயலெங்கும் உண்டு. அதுவும் சிக்ளிட்தான், எங்களைப் போல வெளியூரிலிருந்து வந்து குடியேறியது!

வளர்ந்த மீன்களைப் பிரித்தறிதல் எளிது. கரிமீன் பச்சை கலந்த சாம்பல் நிறம், குறுக்குப் பட்டைகள், செதில்களில் முத்துப் போன்ற புள்ளிகள் உடையது. பள்ளத்தி மஞ்சள் நிறம். விலாவின் நடுவில் கரும்புள்ளி. எட்டுச் சென்டிமீட்டர் அளவில் வளர்ச்சி நின்றுவிடும். ஆனால் கைவலையில் அகப்படும் குஞ்சுகளோ எல்லாம் ஒரே மங்கல் நிறமாகத் தோன்றும். அஞ்சிய குஞ்சு நிறத்தையும் மாற்றிக்கொள்ளும். ஆதலின் நிறத்தையும் புள்ளியையும் நம்பலாகாது. முள்ளை எண்ண வேண்டும். குஞ்சு விரற்கடை அளவு வளர்ந்ததும் அதனை ஒரு கண்ணாடித் தம்ளரில் விட்டுப் பின்னால் விளக்கைப் பிடியுங்கள். வயிற்றுப் பக்கம், வாலுக்கு முன்னே, குதத்தை அடுத்துள்ள துடுப்பைப் பாருங்கள். அதில் மூன்றே முட்கள் இருந்தால் திலாப்பியா. பன்னிரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட முட்கள் இருந்தால் நம் நாட்டு மீன். உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று இருந்தால் இவ்வேலை ஒரு நிமிடத்தில் முடியும்.

கரிமீன் ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான நீளம் வரை வளரக்கூடியது. வீட்டுத் தொட்டியில் அதனை இனம்பெருக்க வைக்க எண்ணுவது வீண். பள்ளத்தியே நமக்கு ஏற்றது. ஆணும் பெண்ணும் சேர்ந்து ஒரு கல்லையோ ஓட்டுத்துண்டையோ துப்புரவாக்கி முட்டையிடும். இரண்டும் மாறி மாறித் துடுப்பால் விசிறிக் காவல் நிற்கும். குஞ்சுகள் வெளிவந்து நீந்தத் தொடங்கியதும் பெற்றோரின் விலாவில் மோதி மோதி எதையோ கொத்தும். இதுதான் நண்பர்கள் கண்டு திகைக்கும் 'கடி'. உண்மையில் குஞ்சுகள் உண்பது பெற்றோரின் தோலில் ஊறும் கோழையை. ஜாக் வார்ட், ஜார்ஜ் பார்லோ என்னும் இருவர் பள்ளத்தியின் இந்நடத்தையை விரிவாக ஆராய்ந்து 1967இல் வெளியிட்டனர். அமேசான் ஆற்று டிஸ்கஸ் மீனிலும் இவ்வழக்கம் உண்டு. அதன் கோழையில் புரதமும் நோயெதிர்ப்புப் பொருளும் இருப்பதை இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தார் 2010இல் எடுத்துக்காட்டினர். பாலூட்டிகளின் தாய்ப்பாலை இஃது ஒருவாறு நினைவூட்டவில்லையா? ஒரு வேறுபாடு: இங்கே தந்தையும் ஊட்டுகிறான்.

எனினும் பள்ளத்திக் குஞ்சுக்குக் கோழை மட்டுமே போதாது. அப்போது பொரித்த ஆர்ட்டீமியாக் குஞ்சுகளே சிறந்த துணையுணவு. முட்டைகளை உப்புநீரில் இட்டுக் காற்றுக் குமிழி விட்டால் ஏறத்தாழ ஒரு நாளில் பொரித்துவிடும். அவித்த முட்டையின் மஞ்சட்கருவைக் கரைத்து ஊற்றும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. குஞ்சு தின்பது சிறிது, அழுகுவது பெரிது.

அழுகலால் உண்டாவது அம்மோனியா. மீன்களும் செவுள்வழி இதனை வெளியிடுகின்றன. தொட்டி மணலிலும் வடிகட்டியிலும் வாழும் பாக்டீரியாக்கள் இதனை முதலில் நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றும். இவை போதிய அளவு பெருகச் சில வாரங்கள் ஆகும். ஆகவே இன்று வாங்கிய தொட்டியில் இன்றே குஞ்சு விடுவது கொலை. நீர் காரத்தன்மையும் வெப்பமும் மிகுந்திருந்தால் அம்மோனியாவின் நஞ்சும் கூடும். உவர்நீர்த் தொட்டி வைப்போர் இதனை மறக்கலாகாது. வாரம் ஒருமுறை கால்பங்கு நீரை மாற்றுங்கள். குழாய்நீரானால் ஒரு நாள் வாளியில் திறந்துவைத்துக் குளோரின் போன பிறகே ஊற்றுங்கள். உப்பை ஒரேயடியாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். மழைக்காலத்தில் நன்னீராகவும் கோடையில் உவராகவும் மாறும் காயலில் வாழ்ந்த மீன்தான். ஆனால் அம்மாற்றம் ஒரு மணி நேரத்தில் நிகழ்வதன்று.

பெற்றோர் மறுமுறை முட்டையிட ஆயத்தமாகும்போது மூத்த குஞ்சுகளை விரட்டும். பிரிக்க வேண்டிய நேரம் அதுவே. பள்ளத்தித் தொட்டியில் கரிமீன் குஞ்சுகளைச் சேர்க்காதீர்கள். இளம் பள்ளத்தி கரிமீனின் உடலைக் கொத்தித் துப்புரவு செய்யும் நல்ல நண்பன். வளர்ந்த பள்ளத்தியோ கரிமீனின் முட்டையையும் குஞ்சையும் தின்னும் பகைவன்! முள்ளெண்ணித் திலாப்பியா என்று கண்டவற்றைக் காயலிலோ கிணற்றிலோ விடாதீர்கள். வேறு தொட்டியில் வளர்த்துக் குழம்புக்கு ஆக்கிக்கொள்ளலாம். எங்கள் அம்மா அதற்குப் புளி சற்றுக் கூடுதலாகக் கரைப்பார்.