முதலில் கூரை, பிறகுதான் மற்றதெல்லாம்

சிறிய டிராவல் டிரெய்லர் ஒன்றைப் பழையதாக வாங்கிய நண்பர்கள் என்னிடம் வரும்போது கையில் ஒரு பட்டியல் இருக்கும். சோலார், லித்தியம் பேட்டரி, புது மெத்தை, சுவரில் டிவி. "இதில் எதை முதலில் செய்யலாம்?" என்பார்கள். எதையும் வாங்காதீர்கள், ஏணி வைத்துக் கூரையைப் பாருங்கள் என்பதுதான் என் பதில். பல கோடைகளாக ஒன்டாரியோவில் ஒரு பதினாறு அடி டிரெய்லரை இழுத்துக்கொண்டு திரிகிறவன் நான். அதில் செய்த வேலைகளில் பெரும்பாலானவை என் கையாலேயே செய்தவை. அந்தப் பழக்கத்தில் உறுதியாகச் சொல்வேன்: சின்ன டிரெய்லரின் ஆயுளைத் தீர்மானிப்பவை தண்ணீரும் எடையும். நீங்கள் செய்யப்போகும் ஒவ்வொரு மாற்றத்தையும் இந்த இரண்டையும் வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

என்னுடையது மரச்சட்டத்தின் மேல் மெல்லிய அலுமினியத் தகடு அடித்த வகை. சுவரைப் பிரித்துப் பார்த்தால் ஒன்றரை அங்குலச் சட்டம், உள்பக்கம் மூன்று மில்லிமீட்டர் பிளைவுட், நடுவில் கண்ணாடி இழைப் பஞ்சு, அவ்வளவுதான் இருக்கும். மழைநீர் மேல் மூலையில் ஒரு திருகு ஓட்டை வழியாக நுழையும். சட்டத்தைப் பிடித்துக்கொண்டே கீழே இறங்கும். கட்டிலுக்கு அடியில் எங்கோ தரையில் வெளியே வரும். உள்ளே கறை தெரிகிறபோது மரம் ஏற்கெனவே உளுத்திருக்கும். இங்கே குளிர்காலமும் சேர்ந்துகொள்கிறது. தண்ணீர் உறையும்போது ஒன்பது விழுக்காடு அளவுக்கு விரியும். மயிரிழை இடுக்கில் புகுந்த நீர் இரவில் உறைந்து, பகலில் உருகி, மறுபடி உறைந்து, ஏப்ரலுக்குள் அந்த இடுக்கை அகலப்படுத்திவிடும்.

ஆகவே வாங்குவதற்கு முன்பே கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள்: ஜன்னலுக்குக் கீழே, அலமாரியின் உள்மூலைகளில், பின்பக்கக் கட்டிலைச் சுற்றி. எங்காவது மெத்தென்று உள்ளே போனால் அங்கே மரம் போய்விட்டது என்று அர்த்தம். ஈரம் அளக்கும் சிறு கருவி ஹார்டுவேர் கடைகளில் மலிவாகவே கிடைக்கும். மரத்தில் பதினைந்து விழுக்காட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. இருபதைத் தாண்டினால் எங்கிருந்து வருகிறது என்று தேடியாக வேண்டும்.

மூலைகளில் ஓடும் அலுமினியப் பட்டையைக் கழற்றி மறுபடி பொருத்துவது பயப்படக்கூடிய வேலை அல்ல. நிதானம் வேண்டும். பட்டையின் நடுவில் இருக்கும் பிளாஸ்டிக் நாடாவை உருவினால் திருகுகள் தெரியும். அவற்றைக் கழற்றி, அடியில் காய்ந்து கிடக்கும் பழைய பசையை பிளாஸ்டிக் கத்தியால் சுரண்டி, தகட்டைத் துடைத்துக் காயவிட்டு, புதிய பியூட்டைல் டேப் ஒட்டி, பட்டையைத் திரும்ப முடுக்க வேண்டும். ஓரமாகப் பிதுங்கி வரும் டேப்பை உடனே வெட்டாதீர்கள். ஓரிரு நாள் வெயிலில் இன்னும் கொஞ்சம் பிதுங்கும். அப்போது திருகுகளை மறுபடி ஒருமுறை முடுக்கி, பிறகு வெட்டுங்கள். கூரையில் காற்றுத் துளையைச் சுற்றி, தானாகவே பரவிச் சமனாகும் சீலன்ட் போட வேண்டும். சரிவான, செங்குத்தான இடங்களுக்கு வழியாத வகையைக் கேட்டு வாங்குங்கள். ரப்பர் கூரையாக இருந்தால் பெட்ரோலியக் கரைப்பான் எதையும் அதன் மேல் தேய்க்கக் கூடாது; ரப்பர் ஊதிவிடும்.

சிலிக்கான் வேண்டாம். குளியலறைக்குப் போடுகிறோமே என்று பலரும் அதை எடுத்துக்கொண்டு வருகிறார்கள். ஒருமுறை சிலிக்கான் தடவிய இடத்தில் அடுத்து எதுவும் ஒட்டாது. புது சிலிக்கான்கூடப் பழையதன்மேல் சரியாகப் பிடிக்காது. நான் சுரண்டிய பழைய பூச்சுகளில் அதிக நேரத்தைத் தின்றது முன்னாள் உரிமையாளர் யாரோ தாராளமாகப் பூசிவைத்த சிலிக்கான்தான்.

கனடாவில் 1968-ல் வினிபெக்கில் செய்யத் தொடங்கிய போலர் என்ற சிறு டிரெய்லர்களை இன்றும் சாலையில் பார்க்கலாம். கண்ணாடியிழையில் இரண்டு பாதிகளாக வார்த்து, நடுவில் சேர்த்த உடல் அது. இணைப்புகள் குறைவு, ஆகவே ஒழுகும் இடங்களும் குறைவு. அரை நூற்றாண்டு தாண்டியும் அவை ஓடுவதற்குப் பெரிய காரணம் அதுவே. அந்த மாதிரி ஒன்று நல்ல நிலையில் கிடைத்தால் விலை கூடுதலாக இருந்தாலும் யோசியுங்கள்.

கூரையில் புதிதாக ஓட்டை போடுவதில்லை என்பது என் கொள்கை. சோலார் பலகையை நான் மேலே பொருத்தாததற்கு இதுவே முதல் காரணம். இரண்டாவது காரணம் மரங்கள். அல்கான்குவின் பூங்காவில் நல்ல முகாமிடம் என்றால் மேப்பிளும் பைனும் கவிந்த நிழல்தான். கூரையில் பலகை இருந்தால் மின்சாரத்துக்காக வண்டியை வெயிலில் நிறுத்த வேண்டியிருக்கும். மடக்கக்கூடிய நூறு வாட் பலகை ஒன்றை நீளமான கேபிளோடு வைத்திருக்கிறேன். டிரெய்லர் நிழலில் நிற்கும், பலகை வெயில் விழும் இடத்தில் நிற்கும். சூரியன் நகர நகரத் திருப்பி வைக்கலாம். தட்டையாகக் கிடக்கும் கூரைப் பலகைக்கு அந்த வசதி கிடையாது.

அதே கொள்கைக்குள் அடங்கிய, நான் மிகவும் மெச்சும் மாற்றம் காற்றாடி. பெரும்பாலான டிரெய்லர்களில் கூரைத் துளை பதினான்குக்குப் பதினான்கு அங்குலச் சதுரம். அதே அளவுக்குத்தான் மின்விசிறிகளும் வருகின்றன. பழைய மூடியைக் கழற்றிவிட்டு, இருக்கிற துளையிலேயே விசிறியை உட்கார வைக்கலாம். மழை மூடியோடு இருப்பதை வாங்கினால் மழையிலும் ஓட்டலாம். எதிர்ப்பக்க ஜன்னல் ஒன்றை மட்டும் கொஞ்சம் திறந்து வைத்து, விசிறியை வெளியே இழுக்கும் திசையில் ஓட்டுங்கள். ஜூலை இரவுகளில் ஏசி இல்லாமலே தூங்கலாம்.

இனி எடை. என் டிரெய்லரின் மொத்த அனுமதி எடை 3,500 பவுண்டு. காலியாக ஏறக்குறைய 2,700. மீதி எண்ணூறு பவுண்டுக்குள்தான் கேஸ் சிலிண்டர், பேட்டரி, தண்ணீர், அரிசி, பாத்திரம், நாற்காலி, போர்வை எல்லாம். 75 லிட்டர் தொட்டியை நிரப்பினாலே 165 பவுண்டு போய்விடும். ஆகவே ஓக் மரத்தில் அலமாரி, கனமான மேசைப்பலகை என்று கனவு காண்பவர்களிடம் முதலில் எடை மேடைக்குப் போய் வாருங்கள் என்பேன். நெடுஞ்சாலை ஓரத்து லாரி நிலையங்களில் சின்னக் கட்டணத்துக்கு எடைபோட்டுத் தருவார்கள். பயணத்துக்குக் கிளம்பும் சுமையோடே போடுங்கள்.

மொத்த எடையைவிட அது எங்கே விழுகிறது என்பது முக்கியம். டிரெய்லர் எடையில் பத்து முதல் பதினைந்து விழுக்காடு முன்பக்க இணைப்பில் விழ வேண்டும். அதற்குக் குறைந்தால் வேகத்தில் வால் ஆடும். லாரி ஒன்று பக்கத்தில் கடந்தால் வண்டியையே இழுத்துப் போடும். பின்பம்பரில் சைக்கிள் தாங்கி மாட்டுவதை நான் எதிர்ப்பது இதனால்தான். இரண்டு சைக்கிள் பின்னால் தொங்கினால், அச்சு நடுவில் இருக்க, முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். அந்த பம்பர் பெரும்பாலும் மெல்லிய சதுரக் குழாய். அத்தனை ஆட்டத்தைத் தாங்கச் செய்ததும் அல்ல. முன்பக்க எடையை வீட்டிலேயே பார்க்க முடியும். ஒரு உறுதியான கட்டையின் ஒரு முனையைச் செங்கல்மேல் வைத்த குழாயிலும் மறுமுனையைக் குளியலறை எடைக்கருவியிலும் தாங்கவிட்டு, குழாயிலிருந்து ஒரு அடி, கருவியிலிருந்து இரண்டு அடி தள்ளி இணைப்பை இறக்குங்கள். கருவி காட்டுவதை மூன்றால் பெருக்கினால் விடை.

லித்தியம் பேட்டரி இந்தக் கணக்கிலும் வருகிறது. பழைய ஈய பேட்டரியைவிட ஏறக்குறைய பாதி எடைதான். முன்னால் இருந்த எடை குறைவதால் மறுபடி எடைபோட வேண்டும். கொள்ளளவில் பெரிய லாபம் உண்டு: நூறு ஆம்பியர்-மணி ஈய பேட்டரியில் பாதியை மட்டுமே எடுப்பது நல்லது, லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையில் கிட்டத்தட்ட முழுவதையும் எடுக்கலாம். ஆனால் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக் கூடாது. உள்ளே நிரந்தரமாகக் கெட்டுவிடும். அக்டோபர் காலைகளில் இங்கே அந்தக் குளிர் சர்வசாதாரணம். ஆகவே பேட்டரியை வெளிப்பெட்டியிலிருந்து உள்ளே, இருக்கைக்கு அடியில் கொண்டுவந்தேன். டிரெய்லரோடு வந்த பழைய சார்ஜர் லித்தியத்துக்கு ஏற்றதா என்றும் பாருங்கள். காரிலிருந்து சார்ஜ் ஏற்றுவதாக இருந்தால் இடையில் டிசி-டிசி சார்ஜர் வையுங்கள். இல்லாவிட்டால் லித்தியம் இழுக்கும் மின்னோட்டத்தில் காரின் ஆல்டர்னேட்டர் சூடேறும்.

அதற்கெல்லாம் முன்னால் விளக்குகளை எல்இடி ஆக்குங்கள். பழைய குண்டு பல்பு ஒன்று ஒன்றரை ஆம்பியர் குடிக்கும். அதே ஒளிக்கு எல்இடி அதில் ஐந்தில் ஒரு பங்கும் குடிக்காது. ஐந்து நிமிட வேலை இது. பெரிய பேட்டரி வாங்கும் எண்ணமே இதோடு சிலருக்குப் போய்விடும்.

வயரைத் தொடுகிறவர்கள் இரண்டு விஷயங்களை மனதில் ஆணியடித்துக்கொள்ளுங்கள். வீட்டு மின்சாரத்தில் கறுப்பு வயர் மின்னோட்டம் வருவது, வெள்ளை நியூட்ரல். டிரெய்லரின் 12 வோல்ட் வயரிங்கிலும் கறுப்பும் வெள்ளையும் வரும். அங்கே பெரும்பாலும் கறுப்பு பாசிட்டிவ், வெள்ளை நெகட்டிவ். கார் வேலை பழகியவர்கள் கறுப்பை நெகட்டிவ் என்று எடுத்துக்கொள்வார்கள். நிறத்தை நம்பாமல் மல்டிமீட்டரை நம்புங்கள். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ் இருக்க வேண்டும். அடுத்தது, வீட்டு முற்றத்தில் டிரெய்லருக்காக 30 ஆம்பியர் சாக்கெட் வைக்கும்போது, அது 120 வோல்ட் சாக்கெட் என்பதை எலக்ட்ரீஷியனிடம் எழுதியே கொடுங்கள். துணி உலர்த்தியின் 30 ஆம்பியர் சாக்கெட் 240 வோல்ட். அதே மாதிரி என்று நினைத்து இணைத்தால் டிரெய்லருக்குள் இருக்கும் கருவிகள் எல்லாம் எரிந்துபோகும்.

நம் சமையலுக்கு வருகிறேன். டிரெய்லருக்குள் இருக்கும் இரண்டு அடுப்புகளும் வெந்நீரும் முட்டையும் போதும் என்கிற ஊருக்காகச் செய்தவை. கடுகு தாளித்தால் எண்ணெய்ப் புகை தலையணை வரை ஏறும். அடுப்புக்கு மேலே இருக்கும் விசிறி பல மாடல்களில் புகையை வெளியே தள்ளாமல் வடிகட்டித் திரும்ப உள்ளேயேதான் விடுகிறது. புரொப்பேன் எரியும்போது அதுவே நீராவியை உண்டாக்கும்: ஒரு கிலோ எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தண்ணீர். சோறு வடிக்கிற ஆவியும் சேர்ந்தால் குளிர்ந்த சுவரெல்லாம் வியர்த்துவிடும். கூரையை அடைத்து வெளித் தண்ணீரைத் தடுத்த பிறகு உள்ளேயே மழை பெய்விக்கலாமா?

எனவே வெளியே, பக்கச் சுவருக்குக் கீழே, அடுப்புக்கான கேஸ் இணைப்பு ஒன்றை வைத்தேன். டிரெய்லரின் கேஸ் குழாயில் அழுத்தம் ஏற்கெனவே குறைக்கப்பட்டு வருகிறது. தனக்கென்று ரெகுலேட்டர் வைத்த அடுப்பை அதில் மாட்டினால் சுடர் சோம்பிப்போகும். குறைந்த அழுத்தத்துக்கென்றே செய்த அடுப்பை வாங்க வேண்டும். வெந்தயக் குழம்பும் மீன் வறுவலும் இப்போது வெளியில்தான். சாதமும் பருப்பும் குக்கரில். கேஸும் மிச்சம், ஆவியும் குறைவு. கரடி நடமாடும் பூங்காக்களில் ஒரு நிபந்தனை: சாப்பிட்டு முடித்ததும் அடுப்பையும் பாத்திரங்களையும் கழுவித் துடைத்து வண்டிக்குள் வைத்துப் பூட்ட வேண்டும். சும்மா சொல்லும் விதி அல்ல அது, கடைப்பிடியுங்கள்.

கேஸ் கசிவு எச்சரிக்கைக் கருவி தரையை ஒட்டியே இருக்க வேண்டும். புரொப்பேன் காற்றைவிடக் கனமானது, கீழே தேங்கும். அந்தக் கருவிக்கும் கார்பன் மோனாக்சைடு கருவிக்கும் காலாவதித் தேதி பின்பக்கம் அச்சிட்டிருக்கும். பழைய டிரெய்லரில் அது எப்போதோ தாண்டியிருக்கும். இதற்குச் செலவழிக்க யோசிக்காதீர்கள்.

ஊரிலிருந்து அம்மா வந்திருந்த கோடையில் வாசலில் கைப்பிடியும் அகலமான படியும் போட்டேன். "இப்பதான்டா ஏறி இறங்கத் தைரியம் வருது" என்றார். மூன்று மில்லிமீட்டர் பிளைவுட்டில் திருகு நிற்காது. ஆள் எடையைத் தாங்கும் எதையும் சட்டத்தில்தான் முடுக்க வேண்டும். சட்டம் எங்கே என்று தெரியாவிட்டால் வலுவான காந்தத்தைச் சுவரில் மெல்ல நகர்த்துங்கள். பிளைவுட்டைப் பிடித்திருக்கும் பின்கள் காந்தத்தை இழுத்துக் காட்டிக்கொடுக்கும். மெத்தைக்கு அடியில் காற்றுப் போக ஒரு வலைப்பாய் விரித்துவிட்டால் பூஞ்சணம் வராது. டயரில் அச்சிட்ட கடைசி நான்கு எண்கள் தயாரான வாரமும் ஆண்டும். பட்டன் தேயாவிட்டாலும் ஆறு வயதானால் மாற்றிவிடுங்கள்.

குளிர்காலத்துக்கு முன் குழாய்களுக்குள் இளஞ்சிவப்பு நிற, நச்சற்ற உறைதடுப்புத் திரவம் விட வேண்டும். கார் ரேடியேட்டர் திரவம் நஞ்சு, அதைத் தொடவே கூடாது. வெந்நீர்த் தொட்டியைச் சுற்றிப் போகும் பைபாஸ் வால்வு உங்கள் டிரெய்லரில் இல்லாவிட்டால் பொருத்துங்கள். இல்லையென்றால் ஆறு கேலன் தொட்டி நிரம்பும்வரை திரவத்தை ஊற்ற வேண்டும். வால்வு இருந்தால் தொட்டியை வடித்துவிட்டு, குழாய்களுக்கு மட்டும் சில லிட்டர் போதும்.

முதல் கோடையில் கூரையை மட்டும் சரிபார்த்துக்கொண்டு, மற்றதை இருக்கிறபடியே பயன்படுத்துங்கள். என்ன குறைகிறது என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். கையில் கொண்டுவந்த பட்டியலில் பாதி அதில் இருக்காது. கேஸ் குழாய் வேலையை மட்டும் உரிமம் பெற்ற தொழில்நுட்பரிடம் விடுங்கள். என் வெளி இணைப்பையும் அப்படித்தான் செய்வித்தேன். டிரெய்லருக்குள் மற்ற எல்லாவற்றையும் ஒரு சாதாரணக் கருவிப்பெட்டியோடு நீங்களே செய்யலாம்.