தந்தை வழி ஒன்று, முன்னோர் பலர்

பத்தாம் வகுப்பில் பால் நிர்ணயம் பாடத்தை நடத்தியபோது, ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே செல்கிறது என்று கரும்பலகையில் எழுதினேன். "அப்படியானால் வம்சம் என்பது ஆண் வழி மட்டும்தானா, டீச்சர்?" என்று ஒரு மாணவி கேட்டாள். அன்று நான் சொன்ன விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. மறுநாள் பின்லாந்து மக்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு மீண்டும் தொடங்கினேன்.

ஒய் குரோமோசோமில் எப்போதாவது நிகழும் திடீர்மாற்றம், பின்வரும் ஆண் சந்ததியில் அடையாளமாக நிலைக்கிறது. இதைக்கொண்டு ஆண்களைத் தந்தைவழிக் குழுக்களாகப் பிரிக்கலாம். பின்லாந்து ஆண்களில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் 'என்' என்ற ஆங்கில எழுத்தால் குறிக்கப்படும் குழுவினர். இக்குழு கிழக்கு ஆசியப் பகுதியில் தோன்றி, சைபீரியா வழியே மேற்கே பரவியது. ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் கிடைத்த, சுமார் 3,500 ஆண்டுகள் பழமையான எலும்புகளிலும் இக்குழு காணப்பட்டது.

"அப்படியென்றால் அவர்கள் சைபீரியர்களா?" என்றனர் மாணவர்கள். விடையாக ஒரு செயல்பாடு செய்தோம். குறிப்பேட்டில் ஒரு வட்டம். அதற்கு மேல் பெற்றோர் 2. அதற்கு மேல் 4, 8, 16. பத்தாம் தலைமுறையில் 1,024 இடங்கள். அவற்றுள் ஒய் குரோமோசோம் காட்டுவது ஒன்றை மட்டுமே. பின்லாந்து மக்களின் முழு மரபணுத் தொகுதியைப் பார்த்தால் சைபீரியப் பங்கு சிறிதே. ஐரோப்பாவின் பழைய வேட்டைச் சமூகத்தினர், வேளாண் குடியினர், புல்வெளி மேய்ப்பர்கள் ஆகியோரின் பங்கே பெரிது.

மொழியையும் இக்குழு உறுதி செய்வதில்லை. லாத்வியா, லிதுவேனியா ஆண்களில் சுமார் 40 விழுக்காட்டினர் 'என்' குழுவினர். ஆனால் அவர்களின் மொழிகள் இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தவை. பின்னிய மொழிக்கு உறவான ஹங்கேரிய மொழியைப் பேசுவோரிடம் இக்குழு மிக அரிது.

இறுதியில் அம்மாணவியிடம் சொன்னேன்: "உன்னிடம் ஒய் குரோமோசோம் இல்லை. ஆனாலும் உன் குரோமோசோம்களில் பாதி உன் தந்தை தந்தவை, பாதி உன் தாய் தந்தவை." அவள் தன் படத்தில் 1,024 இடங்களையும் வரைய முடியாமல், "இடம் போதவில்லை" என்று எழுதித் தந்தாள்.

இச்செயல்பாட்டைச் செய்யும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மாணவர்களின் குடும்ப விவரங்களைக் கேட்க வேண்டாம், பெயரில்லா வட்டங்களே போதும்.