குழந்தை நட்சத்திரமும் நம் குழந்தைகளும்

1983-இல் ஃபாசில் இயக்கிய 'என்டெ மாமாட்டிக்குட்டியம்மைக்கு' என்ற மலையாளப் படம் வந்தபோது, மட்டாஞ்சேரியில் என் மகள் பேபி ஷாலினியைப் போல முடிவெட்டிக்கொள்ள அடம்பிடித்தாள். வெட்டிவிட்டோம். முடி வளர்ந்தது, ஆசையும் மறந்தது.

இன்று என் பேத்திக்கு முடிவெட்டு மட்டும் போதவில்லை. தானே திரையில் வரவேண்டுமாம். நான் கடிந்துகொள்ளவில்லை. அருகில் உட்கார வைத்துச் சட்டம் சொல்வதை விளக்கினேன். 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி, 14 வயதுக்குட்பட்ட கலைஞரை ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் நடிக்க வைக்கக் கூடாது. ஓய்வின்றி 3 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. வருமானத்தில் 20 சதவீதமாவது குழந்தையின் பெயரில் வங்கியில் போடவேண்டும்.

"அப்போ அது வேலையா, தாத்தா?" என்றாள்.

பெற்றோர்களே, பிள்ளைகளுக்குப் புகழ் தானாகவே தெரிகிறது. அதன் பின்னுள்ள உழைப்பை நாம்தான் சொல்லித்தர வேண்டும்.